வேலூர் வட்டார நிலத்துக்கு ஏற்ற சிறு டிராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய வட ஆற்காட்டுப் பகுதியில், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், ஒரு குடும்பத்தின் நிலம் முழுவதும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது அரிது. ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் கழனி, கிணற்றடியில் ஒன்றரை ஏக்கர் கரும்பு, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மாந்தோப்போ வேர்க்கடலைக் கொல்லையோ என்று பாகப்பிரிவினைக்குப் பாகப்பிரிவினை துண்டாகிப்போன நிலத்தில், 45 அல்லது 50 குதிரைத் திறன் கொண்ட பெரிய டிராக்டர் திரும்புவதற்கே வரப்பை மிதிக்க வேண்டியிருக்கிறது. மழை பெய்து ஈரம் காயும் முன் உழ வேண்டிய அந்த நான்கு நாட்களில் வாடகை டிராக்டர் ஊரிலுள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படுகிறது. கடைசியில் கூப்பிட்டவரின் கொல்லை கட்டியாகி விடுகிறது. இந்தக் காரணங்களால் 11 முதல் 30 குதிரைத் திறன் வரையிலான சிறு டிராக்டர்களை வாங்க விரும்புவோர் கூடியிருக்கின்றனர். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

பெரும்பாலானோர் ஷோரூமுக்குச் சென்று "எத்தனை எச்.பி., என்ன விலை" என்று கேட்பதில் தொடங்கி, வண்டியை வாங்கிய பிறகு அதற்கு ஏற்ற கருவியைத் தேடி, அந்தக் கருவி தங்கள் பயிர் வரிசைக்குள் நுழையுமா என்பதைக் கடைசியில் பார்க்கின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே சரியான முறை. முதலில் நிலத்தையும் பயிர் இடைவெளியையும் அளக்க வேண்டும். அடுத்து அந்த இடைவெளிக்குள் செய்ய வேண்டிய வேலைகளையும் அவற்றுக்கான கருவிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கருவிகளை இழுக்கவும் சுழற்றவும் தேவைப்படும் திறனைக் கணக்கிட வேண்டும். நிறுவனமும் மாதிரியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு உணர்ச்சியை விலக்கிவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பரப்பை உழ முடியும் என்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: கருவியின் அகலத்தை மீட்டரிலும், வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஹெக்டேர் கணக்கு கிடைக்கும், திரும்புவதற்கும் மேற்பொருந்தி ஓடுவதற்கும் கால் பங்கைக் கழித்துவிட வேண்டும். மண்ணைச் சுழலும் கத்திகளால் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒரு மீட்டர் அகலத்தில் மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், கழிவு போக மணிக்கு ஏறத்தாழ 0.19 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு ஏக்கர் உள்ள ஒருவர் ஆண்டுக்கு இரண்டு போகம் செய்து, போகத்துக்கு நான்கு சால் ஓட்டினால், ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டால், சொந்த வேலைக்கு ஆண்டுக்கு 64 மணி நேரம்தான் வருகிறது. வண்டியும் கருவியும் சேர்ந்து ஐந்து இலட்சம் ரூபாய் என்றும், பத்து ஆண்டுகளில் அதன் மதிப்பு பாதியாகக் குறையும் என்றும், இந்தக் காலத்தின் சராசரி மதிப்புக்கு வட்டி ஒன்பது விழுக்காடு என்றும், காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், ஆண்டுச் செலவு 73,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதை 64 மணி நேரத்தால் வகுத்தால், டீசலும் ஓட்டுநர் கூலியும் சேராமலே மணிக்கு 1,150 ரூபாய் ஆகிறது. அதே வண்டி அண்டை நிலங்களிலும் சேர்த்து 250 மணி நேரம் ஓடினால் இந்தத் தொகை மணிக்கு 300 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நான்கைந்து ஏக்கருக்குள் உள்ளவர் தமக்காக மட்டும் டிராக்டர் வாங்குவது பெரும்பாலும் நட்டமே. அண்ணன் தம்பியர் அல்லது பங்காளிகள் இருவர் மூவர் சேர்ந்து வாங்குவதும், வெளி வேலைக்கும் அனுப்ப ஆயத்தமாக இருப்பதும் கணக்கைச் சரிசெய்யும். வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகை என்ற இணைய முன்பதிவுச் சேவை வழியாக டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு அளித்து வருவதால், முதல் ஓர் ஆண்டு அப்படி எடுத்து ஓட்டிப் பார்த்து, உண்மையில் எத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகு முடிவெடுப்பவரை நான் கெட்டிக்காரர் என்பேன்.

அகலத்தில் தொடங்குங்கள்

சிறு டிராக்டர்களின் மொத்த அகலம் பொதுவாக மூன்றடிக்கும் நான்கடிக்கும் இடைப்பட்டது. சில மாதிரிகளில் பின்சக்கரங்களின் இடைவெளியை ரிம்மைத் திருப்பிப் போட்டுக் குறைக்கவோ கூட்டவோ இயலும். இந்த ஓர் அளவே இப்பகுதியின் பயிர்களில் எதற்கு அந்த வண்டி பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை முடிவு செய்துவிடுகிறது.

கரும்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மூன்றடிப் பாரில் பெரும்பாலான நான்கு சக்கர டிராக்டர்களால் பயிர் முளைத்த பிறகு உள்ளே நுழைய முடியாது. களை எடுக்கவும் மண் அணைக்கவும், பின்னால் நடந்தபடி ஓட்டும் பவர் வீடரோ பவர் டில்லரோதான் வேண்டும். ஐந்தடி இடைவெளியில் நடப்பட்ட அகலப் பாரில் சிறு டிராக்டர் தாராளமாகச் சென்று மண் அணைக்கும். பின்னாளில் அறுவடை இயந்திரத்துக்கும் அந்த இடைவெளியே பொருந்தும். கரும்பு ஒருமுறை நட்டால் வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் கட்டைப் பயிரோடு சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே நிற்கும் என்பதால், மூன்றடிப் பாரில் இப்போதுதான் நட்டவர் டிராக்டர் வாங்குவதை அடுத்த நடவு வரையில் தள்ளிப்போடலாம். அல்லது அடுத்த நடவில் இடைவெளியை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டு வாங்கலாம்.

தென்னையில் 25 அடிக்கு 25 அடி என்ற பழைய இடைவெளி இருக்கும் வரை அகலம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே கவலை வேறு: தென்னையின் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பரவி இருப்பதால், மரத்தடியில் ரோட்டவேட்டரை ஆழமாக இறக்காமல் பிடித்து ஓட்டக்கூடிய நல்ல ஹைட்ராலிக் கட்டுப்பாடு வேண்டும். தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவியை இதே வண்டியில் மாட்டலாம் என்று எண்ணுவோர் அந்தக் கருவிக்கு எத்தனை குதிரைத் திறன் தேவை என்பதை அதன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் பெற வேண்டும். பல மாதிரிகள் சிறு டிராக்டரின் எல்லைக்கு மேற்பட்டவை.

மாந்தோப்பில் தரை இடைவெளியைவிட உயரம்தான் சிக்கல். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பழைய தோப்புகளில் மரங்கள் 10 மீட்டர் இடைவெளியில் நின்றாலும் கிளைகள் ஆளுயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். புதிய அடர் நடவில் 5 மீட்டர் இடைவெளியே இருப்பதால் நான்கைந்து ஆண்டுகளில் கிளைகள் கூடிவிடும். நேராக மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் கிளையில் இடித்து முறியும், அதன் சூடு பூங்கொத்தைக் கருக்கும். தோப்புக்கு வாங்குவோர் சைலன்சர் பக்கவாட்டில் தாழ்வாகச் செல்லும் மாதிரியையோ, அவ்வாறு மாற்றித் தரும் வசதியையோ கேட்டுப் பெற வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகமான கவிழ்வுத் தடுப்புச் சட்டம் இருந்தால் அது மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தோப்பை விட்டு வெளியே வந்ததும் மறக்காமல் நிமிர்த்திப் பூட்ட வேண்டும்.

புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் போன்ற காய்கறிப் பயிர்களில் வரிசை இடைவெளி இரண்டு மூன்று அடிக்குள் அடங்குவதால், நடவுக்கு முந்தைய உழவுக்கும் பார் போடுவதற்கும் மட்டுமே டிராக்டர் உதவும். வேர்க்கடலையிலும் அவ்வாறே, ஓர் அடி வரிசையில் விதைக்கருவியைப் பின்னால் மாட்டி விதைக்கலாம், அறுவடையின்போது செடியைக் கிளறிவிடும் கருவியை மாட்டலாம், இடையில் வேலை இல்லை. அளக்கும்போது வயலை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. தெருவிலிருந்து நிலத்துக்குச் செல்லும் வண்டிப் பாதை, கால்வாய்ப் பாலம், வேலிப் படல், வண்டி நிற்கப்போகும் கொட்டகையின் வாசல் ஆகியவற்றின் அகலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவியும் அதற்கு வேண்டிய திறனும்

விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படுவது எஞ்சினின் குதிரைத் திறன். ரோட்டவேட்டரையும் மருந்துத் தெளிப்பானையும் சுழற்றுவது பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டு, அதில் கிடைக்கும் திறன் எஞ்சின் திறனைவிடப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைவாக இருக்கும். எனவே இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது பி.டி.ஓ. திறனை வைத்து ஒப்பிட வேண்டும். 15 முதல் 20 குதிரைத் திறன் வண்டிக்கு 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான ரோட்டவேட்டரும், 24 முதல் 28 வரையிலானதற்கு 1.2 மீட்டர் அளவிலானதும் பொருந்தும். டீலர் தம்மிடம் இருப்பில் உள்ள அகலமான ரோட்டவேட்டரைத் தள்ளிவிடப் பார்ப்பதுண்டு. அது மணல் கலந்த செம்மண்ணில் ஓடிவிடும், ஆனால் ஈரம் குறைந்த களிமண்ணில் எஞ்சின் திணறி, கரும்புகை விட்டு, டீசலையும் ஆயுளையும் தின்னும். அதே சமயம் ரோட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளி அகலத்தைவிடச் சிறியதாகவும் இருக்கக் கூடாது. இருந்தால் உழுத மண்ணைச் சக்கரமே மீண்டும் அமுக்கிக்கொண்டு போகும்.

இழுவைக் கருவிகளில் நிலைமை வேறு. ஐந்து கொழுக் கல்டிவேட்டரை இழுக்க எஞ்சின் திறனைப் போலவே வண்டியின் எடையும் டயரின் பிடிப்பும் வேண்டும். 700 முதல் 900 கிலோ எடையுள்ள சிறு டிராக்டர், கல் கலந்த இறுகிய மானாவாரிக் கொல்லையில் கோடை உழவுக்குச் சக்கரம் சுழன்று நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நல்லது. கோடையில் ஒருமுறை சட்டிக் கலப்பை போட்டு ஆழ உழுவதற்குப் பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுத்துவிட்டு, மற்ற வேலைகளுக்குச் சொந்தச் சிறு வண்டியை வைத்துக்கொள்வதே செலவு குறைந்த ஏற்பாடு. ஆண்டில் ஒருநாள் வேலைக்காகப் பத்துக் குதிரைத் திறன் கூடுதலாக வாங்குவதில் பொருள் இல்லை.

ஹைட்ராலிக் தூக்கு திறன் சிறு டிராக்டர்களில் மாதிரிக்கு மாதிரி வெகுவாக வேறுபடும். ஒரு மீட்டர் ரோட்டவேட்டரே 200 கிலோவை ஒட்டி வரும் என்பதாலும், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இலேசாகிவிடும் என்பதாலும், முன்புறம் எடைக்கட்டி மாட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் செலவு ரோட்டவேட்டர் வேலையில் மணிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அதிகம் பிசகாது.

சேற்றிலும் மேட்டிலும்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் எதுவானாலும் நெற்கழனியில் சேறடிக்க வேண்டியவர்களுக்கு நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரம் அன்று. இரு சக்கர இயக்க வண்டி உளையில் புதைந்தால் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டியும் தவிக்கும். முன்சக்கரமும் இழுத்தால் அதே எடையில் வெளியே வந்துவிடும். ஆனால் கழனியே இல்லாமல் தோப்பும் கொல்லையும் மட்டும் உள்ளவர் அந்தக் கூடுதல் விலையைக் கருவிகளில் போடலாம். நான்கு சக்கர இயக்கத்தை வாங்கியவரும் தார்ச்சாலையில் அதை விடுவித்துவிட்டு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் முன் டயர்கள் சீக்கிரத்தில் தேய்ந்துவிடும்.

சேற்று வேலைக்கு எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாதிரியே ஏற்றது. உலர் பிரேக்கில் சேறும் நீரும் புகுந்தால் பிடிப்புக் குறையும். கிளட்சைப் பொறுத்தவரை, வண்டி நின்றாலும் பி.டி.ஓ. தொடர்ந்து சுழலும்படி அமைந்த இரட்டைக் கிளட்ச் இருந்தால், மாமரத்தின் அடியில் நின்றுகொண்டு தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பதும், ரோட்டவேட்டர் திணறும் இடத்தில் வண்டியை மட்டும் நிறுத்தி அதைச் சுழலவிட்டு மீட்பதும் எளிதாகும். ஒற்றைக் கிளட்சில் மிதித்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் விடை: அரை ஏக்கர் துண்டுகளில் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புபவருக்குத் தேவை, நீளமான தென்னந்தோப்பில் ஓட்டுபவருக்கு இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பவர் டில்லரும் குவாட் பைக்கும்

மூன்று ஏக்கருக்குள் கழனியும் கரும்பும் மட்டும் உள்ளவருக்குச் சிறு டிராக்டரைவிடப் பவர் டில்லரே பொருத்தம் என்பது என் கருத்து. ஓசூரில் ஆலை வைத்துள்ள வி.எஸ்.டி. நிறுவனத்தின் 13 குதிரைத் திறன் சக்தி 130 டி.ஐ., கேரள அரசு நிறுவனமான காம்கோவின் டில்லர் ஆகிய இரண்டும் இப்பகுதியில் பல ஆண்டுகளாக அறிமுகமானவை. நெல் சேற்றிலும் குறுகிய பாரிலும் இவற்றுக்கு இணையில்லை. ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும் என்பதால், ஓட்டப்போவது ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் என்றால் யோசிக்க வேண்டும். இருக்கை மாட்டிய மாதிரிகள் இந்தச் சிரமத்தைக் குறைக்கின்றன, முற்றிலும் போக்குவதில்லை.

ஏ.டி.வி. எனப்படும் குவாட் பைக்கை வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்துவிட்டு, தோப்புக்கு அதுவே போதுமே என்று கேட்போரும் இப்போது உண்டு. மோட்டார் சைக்கிளைப் போல் ஹேண்டில்பாரும், காற்றழுத்தம் குறைந்த அகல டயர்களும், பெல்ட்டில் இயங்கும் தானியங்கி கியரும் கொண்ட அந்த வண்டி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பரந்த மேய்ச்சல் நிலங்களில் வேலி பார்க்கவும், தீவனம் எடுத்துச் செல்லவும், சிறு இழுவண்டியை இழுக்கவும் உருவானது. அதில் பொதுவாகப் பி.டி.ஓ. தண்டும் இல்லை, கருவியைத் தூக்கி இறக்கும் மும்முனை இணைப்பும் இல்லை. மெதுவான வேகத்தில் மணிக்கணக்காகப் பளு இழுத்தால் பெல்ட் சூடேறித் தேயும். இருக்கை நீளமாக இருந்தாலும் பெரும்பாலான மாதிரிகள் ஒருவர் மட்டும் ஏறுவதற்கே வடிவமைக்கப்பட்டவை. ஓட்டுபவர் தம் உடல் எடையைச் சாய்த்துச் சமநிலை காக்க வேண்டும். சரிவில் கவிழ்ந்து உயிரிழந்தோர் தொகை பெருகியதால்தான் ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல் புதிதாக விற்கப்படும் பொதுப் பயன்பாட்டுக் குவாட் பைக்குகளுக்குக் கவிழ்வுப் பாதுகாப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் சாதாரண ஏ.டி.வி.யைச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு கிடைக்காது; போலாரிஸ் நிறுவனம் 2020-இல் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை டிராக்டர் வகையில் ஒப்புதல் பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது விதிவிலக்கு. ஏலகிரி அடிவாரத்தில் ஐம்பது ஏக்கர் தோப்பைச் சுற்றிவர வேண்டியவருக்கு அது உதவலாம். உழவு செய்ய வேண்டியவருக்கு அது வீண் செலவு.

மாதிரிகளை ஒப்பிடும்போது

சந்தையில் உள்ளவற்றை அவற்றின் இயல்பை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். 2021-இல் வந்த ஸ்வராஜ் கோட் 11 குதிரைத் திறன் அளவிலான குறுகிய வண்டி. இடை உழவுக்கும் மருந்தடிப்புக்கும் ஏற்றது, கனமான உழவுக்கு அன்று. மகிந்திராவின் யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகியவை 15 குதிரைத் திறன் அளவில் எளிய கட்டமைப்பு கொண்டவை. கிராமத்து மெக்கானிக்கே பெரும்பாலான பழுதுகளைப் பார்த்துவிடுவார். வி.எஸ்.டி.யின் எம்.டி. 180 டி வரிசை 18 குதிரைத் திறனை ஒட்டியது. மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டும் 24 குதிரைத் திறன் அளவில் நான்கு சக்கர இயக்கத்துடன் கிடைப்பவை. ஜிவோவில் இரண்டு சிலிண்டர், குபோட்டாவில் மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறைவு. நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டுபவரின் இடுப்புக்கு அந்த வேறுபாடு தெரியும். மகிந்திரா 2023-இல் அறிமுகப்படுத்திய ஓஜா வரிசையும், ஜான் டீரின் 28 குதிரைத் திறன் வண்டியும் இதற்கு அடுத்த படியில் நிற்கின்றன.

இவற்றில் எது சிறந்தது என்று வெறுமனே கேட்டால் விடை கிடையாது. வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் நிலையம் இருக்கிறது, உழவு நெருக்கடியான நாளில் மெக்கானிக் நிலத்துக்கு நேரில் வருவாரா, கிளட்ச் தட்டும் ஹைட்ராலிக் பம்பும் ஆற்காட்டிலோ வேலூரிலோ கடையில் இருப்பில் உள்ளனவா, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்பவை அட்டவணையில் உள்ள எண்களைவிட முக்கியமானவை. இவற்றை டீலரிடம் கேட்பதைவிட, அதே மாதிரியை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கும் அண்டை ஊர் விவசாயிகளிடம் கேட்டால் நேரான விடை கிடைக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து, பி.டி.ஓ. திறன், டீசல் செலவு, தூக்கு திறன் ஆகியவற்றை அளந்து அறிக்கை வெளியிடுகிறது. விளம்பரத் துண்டறிக்கையை நம்புவதைவிட அந்தச் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டும் டீலரிடம் பேச்சைத் தொடரலாம்.

செயல்விளக்கத்தை ஷோரூம் முற்றத்தில் பார்ப்பதில் பயனில்லை; சொந்த நிலத்தில், வழக்கமாக உழும் ஈரத்தில், வாங்கப்போகும் அதே ரோட்டவேட்டரை மாட்டி, தாமே அமர்ந்து ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். டேங்கை நிரப்பிவிட்டுத் தொடங்கி, முடித்த பின் மீண்டும் நிரப்பினால் டீசல் செலவும் தெரிந்துவிடும். துண்டு நிலத்தின் மூலையில் எத்தனை முறை முன்னும் பின்னும் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பணமும் மானியமும்

டிராக்டர்களுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துப் பேசக் கூடாது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், பொதுப் பிரிவு விவசாயிகளுக்கு 40 விழுக்காடும், சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் என்ற அளவில், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் அளிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஒதுக்கீடும் பட்டியலும் மாறுவதால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு, அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகே டீலரிடம் முழுத்தொகையைக் கட்ட வேண்டும். முன்னரே வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்பது நடக்காது. மானியப் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வரிசைக்குள் நுழையாத வண்டியை வாங்குவோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கடன் எடுப்பவர்கள் மாதத் தவணையை ஒப்புக்கொள்ளாமல், அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலுத்தும் தவணையைக் கேட்க வேண்டும். கரும்புப் பணம் ஆலையிலிருந்து எப்போது வரும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்குவதானால், மணி மீட்டரை மட்டும் நம்பாமல், பெடல்களின் தேய்மானத்தையும் டயரின் வயதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் தாமே சாவி போட்டு எழுப்ப வேண்டும். ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால், ஹைட்ராலிக் தேய்ந்திருப்பின் கருவி கண்ணெதிரே இறங்கிவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, புகை வேகமாக வெளியேறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

உயிருக்கு உலை வைப்பவை

சிறிய வண்டிதானே என்ற அலட்சியமே பெரிய ஆபத்து. புதைந்த மரக்கட்டையையோ வேறு வண்டியையோ இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டினால், முன்சக்கரம் எழும்பி வண்டி ஓரிரு நொடிகளில் பின்னோக்கி மல்லாந்துவிடும். எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். கவிழ்வுத் தடுப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்து வரும் மாதிரிக்கு முன்னுரிமை தர வேண்டும். சட்டம் இருந்து பட்டை அணியாவிட்டால், கவிழும்போது ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டு அந்தச் சட்டத்தின் அடியிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. வேட்டி நுனியோ புடவைத் தலைப்போ துண்டோ அதில் சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டின் மேலுறை இல்லாமல் தரப்படும் கருவியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டியது கிணறு. தரைமட்டத்தில், சுவரில்லாமல், ஐம்பது அறுபதடி ஆழத்தில் வெட்டப்பட்ட பழைய இறவைக் கிணறுகள் கொல்லைகளின் நடுவே நிற்கின்றன; வறட்சியில் வற்றி, புதர் மூடிக் கிடப்பவையும் உண்டு. அவற்றின் விளிம்பு மண் டிராக்டரின் எடையைத் தாங்காது. கிணற்றைச் சுற்றிப் பத்தடிக்குக் குறையாமல் கல்லோ வேலியோ போட்டு, அந்த எல்லைக்குள் ரிவர்ஸ் எடுப்பதே இல்லை என்ற பழக்கத்தை வண்டி வருவதற்கு முன்பே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கம் ஜவ்வாது மலையில் ஏறி இறங்குவோர், சிறு டிராக்டருக்குப் பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லரில் வண்டியின் எடையைப் போல் இருமடங்கு ஏற்றிக்கொண்டு இறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது. இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது. எந்தக் கியரில் ஏறியதோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். வயலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துத் திரும்ப உதவும் இரண்டு பிரேக் பெடல்களையும், சாலையில் ஏறும் முன் கொக்கியால் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபக்கமாக இழுத்துக் கவிழும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது என்பதையும், ஓட்டுபவருக்கு இலகுரக மோட்டார் வாகன உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வண்டியை எடுக்கும் நாளில், இன்வாய்ஸிலும் காப்பீட்டிலும் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டு, கருவிப் பெட்டி, எடைக்கட்டிகள், இழுவைக் கம்பி, இரண்டாவது சாவி, உத்தரவாதப் புத்தகம் ஆகியவற்றைப் பெற்றுக் கையொப்பமிட வேண்டும். புதிய எஞ்சினைத் தொடக்கத்தில் முழுப் பளுவில் ஓட்டாமல், கையேட்டில் குறித்துள்ள மணி நேரத்தில் முதல் சர்வீஸைச் செய்து எண்ணெய் மாற்றிவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் உத்தரவாதக் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகக் காட்டப்படும். ரோட்டவேட்டரின் கத்தி போல்ட்டுகளை முதல் நாள் வேலை முடிந்ததும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.